முதல் பதினைந்து சென்டிமீட்டர்

மண் ஆய்வு நிலையத்தின் நாற்பத்தொரு ஆண்டு அனுபவத்தில், ஒரு வீட்டுச் சுவர் வெடித்தால் அதற்குக் கட்டியவன் காரணமாக இருக்கலாம், குடியிருப்பவன் காரணமாக இருக்கலாம், வெடிப்பை முதலில் பார்த்தவன்கூடக் காரணமாக இருக்கலாம். மண் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மண்ணின்மேல் இவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த இன்னொரு அலுவலகம் எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. இருக்க வேண்டாம் என்றே ஆசைப்படுகிறேன்.

இது தெரியாமல் அந்த நிலையத்தின் படியேறியவர் ஒரு தையல்காரர். அவருக்கு முன்னறையில் கடை, நடுவில் அடுப்படி, பின்னறையில் அக்கா. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். அவள் தலைமாட்டுச் சுவரில்தான் விரிசல் முதலில் தலைகாட்டியது, மயிரிழை அளவுக்கு. தையல்காரர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். விரிசலின் இரண்டு முனையிலும் நீலச் சாக்கட்டியால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இன்ச் டேப்போடு போய் அகலம் பார்த்தார். பதினெட்டு வாரத்தில் சுவர் முழுக்கத் தேதிகளாகி, விரிசல் ஐந்து நூல் அகலத்துக்கு வந்திருந்தது. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம்.

அக்காவைக் கடைக்குள் மாற்றலாம். மாற்றினால் வெட்டுமேசை தெருவுக்குப் போகும், வெட்டுமேசை போனால் பிழைப்பு போகும். அதனால் அக்கா விரிசலுக்குக் கீழேயே கிடந்தாள். அவர் ஒவ்வொரு முறை மிஷினை மிதிக்கும்போதும் பின்னறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு மிதித்தார்.

நகராட்சிப் பொறியாளர் வந்தார். விரிசலுக்குள் விரலை விட்டார், எடுத்தார், கைக்குட்டையில் துடைத்தார்.

"மண்ணுதான் சரியில்ல. சுவருக்கு அடியில தூண் இறக்கித் தாங்கணும்."

"இறக்கிடலாங்களா சார்?"

"அதெப்படி? மண் ஆய்வு நிலையத்து அறிக்கை வேணும். அறிக்கை இல்லாம நிக்கிற சுவரை எவனாவது தொட்டா, அவனுக்கும் எனக்கும் சேத்து வேலை போயிடும். மழைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள வாங்கிடுங்க. மழை வந்துட்டா நான் பொறுப்பில்ல."

மழை வராவிட்டாலும் அவர் பொறுப்பில்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

நிலையம் இருந்தது தையல்காரர் வீட்டுக்கு நேர் பின்னால். நடுவில் நான்கடி அகலச் சந்து, சந்துக்கு அப்பால் நிலையத்தின் மதில். வாசலுக்குப் போக மட்டும் ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

"பின்னாடி இருக்கிற ஆபீஸ்தானேங்க," என்றாள் அவர் மனைவி. "சுவத்தைத் தட்டிக் கூப்பிட்டாலே வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க." அவள் பேச்சு பெரும்பாலும் தப்பாது. அன்றைக்குத் தப்பியது.

நிலையத்தின் நீண்ட நடைக்கூடத்தில் முன்னாள் இயக்குநர்கள் பதினோரு பேர் சட்டத்துக்குள் இருந்தார்கள். படங்களை வரிசையாக மாட்டாமல், மாடிப்படி ஏறுவதுபோல் ஒன்றைவிட ஒன்று உயரமாக, குறுக்காக மாட்டியிருந்தார்கள். அளவுக்காரரான தையல்காரருக்கு அது உறுத்தியது. பதவி உயர்வைக் காட்டுவதற்காக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பதிவு எழுத்தரின் மேசைக்குப் போனார்.

"முதல் தடவையா வர்றீங்க?" என்றார் எழுத்தர், தலை நிமிராமல்.

"ஆமாங்க."

"அப்ப இதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. போயிட்டு வாங்க."

தையல்காரருக்குப் புரியவில்லை. எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கினார். அவருக்கு அதில் ஒரு சுகம் இருந்தது.

"மண்ணோட பலத்தை எப்படிப் பாக்கறோம்? குழாயை வச்சு மேல இரும்பைப் போடறோம். பதினஞ்சு பதினஞ்சு சென்டிமீட்டரா மூணு தடவை இறக்கி, எத்தனை அடிக்கு இறங்குச்சுன்னு எண்ணறோம். அதுல முதல் பதினஞ்சு சென்டிமீட்டரை என்ன செய்வோம்? விட்டுருவோம். ஏன்? மேல் மண்ணு. ஆளுங்க மிதிச்சுக் கலைஞ்சிருக்கும். அதை நம்ப முடியாது. மனுசனும் அப்படித்தான். முதல் தடவை வர்றவன் பதட்டத்துல வருவான், கலைஞ்சு போய்ப் பேசுவான். ரெண்டாவது தடவை வர்றவன்தான் உண்மையான விண்ணப்பதாரர்."

"நான் பதட்டமா இல்லீங்களே. எங்க அக்கா தலைக்கு மேல சுவர் வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"பாத்தீங்களா, கலைஞ்சிருக்கீங்க."

தையல்காரர் ஒரு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மறுபடி ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்தார். எழுத்தர் அவரை முன்பின் பார்த்திராதவர்போல வரவேற்று, ஒரு பேரேட்டில் ஒன்று என்று போட்டார். அதோடு ஓர் எச்சரிக்கையும் தந்தார். குழாயை ஐம்பது அடி அடித்தும் இறங்காவிட்டால் அந்த இடத்தில் 'மறுப்பு' என்று எழுதிவிட்டு நிறுத்துவது மண் ஆய்வில் முறையாம். நிலையமும் அதே முறையைக் கடைப்பிடிக்கிறதாம். ஐம்பது தடவை வந்தும் காரியம் ஆகாதவரின் கோப்பில் 'மறுப்பு' என்று எழுதி மூடிவிடுவார்கள். விண்ணப்பதாரர்தான் இறங்கி வர மறுக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

ஏழாவது தடவைக்குப் பிறகு துளை போடும் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு சந்துக்குள் வந்து உயரமான இரும்பு முக்காலிச் சட்டம் ஒன்றை நட்டார். கப்பியில் கயிறு ஓடியது. அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்பு முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து குழாயின் தலையில் விழுந்தது. மேல் மண்ணில் இரண்டு மூன்று தடவை போட்டதுமே குழாய் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பதினோரு அடி ஆழத்தில் ஐம்பது தடவை போட்டும் இரண்டு விரல்கூட இறங்கவில்லை.

மேஸ்திரி குழாயைப் பிரித்து, மேலே வந்த கறுப்பு மண்ணில் கொஞ்சம் கிள்ளி உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அது உருண்டு, கயிறாகி, அறுபடாமல் நீண்டுகொண்டே போனது.

"பாவாடை நாடா மாதிரி வருதே," என்றார் தையல்காரர்.

"இப்படி அறுபடாம வர்ற மண்ணு பொல்லாத மண்ணுண்ணே. தண்ணி கிடைச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். உங்க சுவருக்கு ஒரு முனையில ஈரம், மறு முனையில காய்ச்சல். ஒரு காலைத் தூக்குது, இன்னொரு காலை இறக்குது. பின்ன வெடிக்காம என்ன செய்யும்?"

"அப்ப என்ன செய்யணும் தம்பி?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டே வேலைதான்க்கா. ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாத்து நிறுத்தணும். பதினோரு அடியில கெட்டித் தரை இருக்கு, அதுவரைக்கும் தூண் இறக்கிச் சுவத்தை அதுமேல உக்கார வைக்கணும்."

"இதையே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்களேன்."

மேஸ்திரி சிரித்தார். "நான் எழுதக் கூடாதுக்கா. எண்ணுறது மட்டும்தான் என் வேலை. அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்றது நிபுணர் வேலை. மண்ணைத் தொடுறவன் அர்த்தம் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு."

"சரி, அர்த்தம் சொல்றவரு?"

"அவரு மண்ணைத் தொடக் கூடாது."

போவதற்கு முன்னால் மேஸ்திரி ஒரு மெல்லிய எஃகுக் குழாயை நிதானமாக மண்ணுக்குள் அழுத்தி, மண் இருந்த நிலையிலேயே அலுங்காமல் எடுத்து, இரண்டு வாயையும் மெழுகு ஊற்றி அடைத்தார். இதற்குக் கலையாத மாதிரி என்று பெயர். இதைத் திறந்து அழுத்தியும் நனைத்தும் பார்த்தால் மண் எப்படி நடந்துகொள்ளும் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும் என்றார். தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். தையல்காரருக்கு அன்றைக்கு நிஜமாகவே நம்பிக்கை வந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அந்தக் குழாயை அவர் மறுபடி பார்த்தது பத்தொன்பதாவது தடவை போனபோது. நிலையத்தின் பின்பகுதியில் 'கலையா மண் மண்டபம்' என்று ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றி, உரக்க மூச்சு விடாமல் உள்ளே போக வேண்டும். கூரைவரை மர அலமாரிகளில் மெழுகடைத்த குழாய்கள் படுத்திருந்தன. நிபுணர் வெறும் காலுறையோடு முன்னால் நடந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கைப்பட்டியில் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மண் துகள்கூடப் பட்டதில்லை என்று தையல்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

"உங்க மண்ணு பத்திரமா இருக்கு," என்று கிசுகிசுத்தார் நிபுணர்.

"பரிசோதனை எப்பங்க சார்?"

"பரிசோதனையா?" நிபுணர் அதிர்ந்துபோனார். "இது கலையாத மண்ணு. திறந்தா கலைஞ்சிடும். கலைஞ்ச மண்ணைச் சோதிச்சு உங்க மண்ணு இப்படின்னு நான் சொன்னா, அது அறிவியலுக்கு நான் செய்ற துரோகம் இல்லையா?"

"அப்ப திறக்காமலே சோதிப்பீங்களா சார்?"

"திறக்காம எப்படிங்க சோதிக்கிறது? விவரம் தெரியாம கேக்கறீங்களே. இங்க நாலாயிரத்து இருநூறு குழாய் இருக்கு. நாப்பத்தோரு வருஷத்துல ஒண்ணைக்கூட நாங்க தொட்டதில்லை. இவ்வளவு மண்ணை இவ்வளவு கலையாம வச்சிருக்கிற இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க?"

தையல்காரர் விஷயத்துக்கு வந்தார். அப்படியென்றால் அறிக்கையை எதை வைத்து எழுதுவீர்கள் என்று கேட்டார். நிபுணரின் முகம் மலர்ந்தது. அவரை இன்னோர் அறைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே கழுவி, சலித்து, காயவைத்த வெள்ளை ஆற்றுமணல் சர்க்கரைபோல் குவிந்திருந்தது.

"நிலைய மண்ணு. தினமும் காலையில பத்து மணிக்கு இதைத்தான் சோதிக்கிறோம். நாப்பத்தோரு வருஷமா ஒரே விடை. ஒரு புள்ளி கூடினதில்ல, குறைஞ்சதில்ல. இந்த விடையைத்தான் எல்லா அறிக்கையிலயும் போடறோம்."

"ஆனா சார், இது எங்க வீட்டு மண்ணு இல்லீங்களே."

"உங்க வீட்டு மண்ணுல வேரு இருக்கும், கல்லு இருக்கும், ஈரம் இருக்கும். அதுல போயி பரிசோதனை செய்ய முடியுமா? தரமில்லாத மண்ணைச் சோதிச்சா விடையும் தரமில்லாமதான் வரும்."

தையல்காரர் தன் தொழிலை நினைத்துப் பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரையும் விட்டுவிட்டுக் கடை வாசலில் நிற்கும் பொம்மைக்கே அளவெடுத்து எல்லோருக்கும் சட்டை தைத்தால் வேலை எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. ஒரே வாரத்தில் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்பதும் தோன்றியது. நிபுணரின் முதுகு பத்திரமாக இருந்தது.

அந்த வாரம் விரிசல் ஆறு நூலைத் தாண்டியது. பொழுது போகாமல் கிடந்த அக்காவுக்கு அது ஜன்னலாகிவிட்டது.

"டேய் தம்பி, பின்னாடி ஆபீஸ் தெரியுதுடா."

"அவங்க மதில் இருக்கேக்கா. எப்படித் தெரியும்?"

"மதிலும் வெடிச்சிருக்கு. நம்ம வெடிப்புக்கு நேரா அவங்க வெடிப்பு. அங்க ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்குடா. நாள் முழுக்கத் தண்ணி ரொம்பி வழியுது, குழாயை மூட ஒரு ஆளில்ல. எல்லாம் நம்ம சந்துக்குள்ளதான் இறங்குது."

அக்காவின் கட்டிலில் தலை வைத்து அவரும் பார்த்தார். மேஸ்திரி தேடச் சொன்ன ஈரம் அங்கே பளபளவென்று வழிந்துகொண்டிருந்தது. அவர் ஓட்டமாக ஒரு கிலோமீட்டர் சுற்றி நிபுணரிடம் போனார். அது இருபத்தாறாவது தடவை.

"அது ஊறல் தொட்டி," என்றார் நிபுணர். "நிலைய மண்ணை நாலு நாள் ஊற வச்சுத்தான் சோதிக்கணும். தொட்டி எப்பவும் ரொம்பியிருக்கணும்னு விதி. ரொம்பியிருக்குன்னு எப்படித் தெரியும்? வழிஞ்சாத்தானே தெரியும்."

"வழியற தண்ணி எங்க வீட்டுக்கு அடியில போகுதுங்க சார்."

"தரைக்கு மேல ஓடற தண்ணி எங்க துறையில வராது. தரைக்குள்ள போயிட்டா அது மண்ணோட இயற்கையான ஈரம். இயற்கையில நாங்க தலையிட மாட்டோம்."

"உங்க மதிலே வெடிச்சிருக்குங்களே சார். அது வழியாத்தான் எங்க அக்கா பாத்தாங்க."

"எங்க மதில் வெடிக்காது. அதுக்கு அறிக்கை இருக்கு."

திரும்பும்போது நடைக்கூடத்தில் தையல்காரரின் தோள் பட்டு ஐந்தாவது இயக்குநர் ஒரு பக்கம் சாய்ந்தார். படத்துக்குப் பின்னால் சுவரில் கை நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு பிளவு, நான்காமவரின் பின்னாலிருந்து வந்து ஆறாமவரின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எழுத்தர் பாய்ந்து வந்து படத்தை நேராக்கினார்.

"முன்னாள் இயக்குநரை ஆட்டாதீங்க. இப்ப இருக்கிறவரு ஓய்வு பெறப் போறாரு. அவருக்கும் இடம் பாத்து வச்சாச்சு." மேலே, கூரையை ஒட்டி ஒரு புது ஆணி அடித்திருந்தது. அதன் கீழே புத்தம் புதிதாக மயிரிழை அளவில் ஒரு விரிசல் தொடங்கியிருந்தது.

நாற்பத்தேழாவது தடவை போனபோது அறிக்கை தயாராக இருந்தது. அதைக் கையில் கொடுத்து அனுப்பும் பழக்கம் நிலையத்தில் இல்லை. கூட்டம் போட்டு, இயக்குநர் உரையாற்றி, மேடையில் வழங்குவார்கள். கூரைத் தகரத்தின்மேல் அந்த வருடத்தின் முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கியிருந்தன. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்:

"இந்த நிலையம் தொடங்கி நாற்பத்தொரு ஆண்டுகளில் ஒரு மண்ணைக்கூட நாம் மோசம் என்று எழுதியதில்லை. எந்த மண்ணையும் நாம் அவமதித்ததில்லை. சிலர் கேட்கிறார்கள், நீங்கள் அறிக்கை கொடுத்த இடங்களில் கட்டடங்கள் விழுகின்றனவே என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், விழுந்தது எது? கட்டடம். கட்டடம் தரைக்கு மேலே இருப்பது. நமது பொறுப்பு தரைக்குக் கீழே. இன்றுவரை எந்த மண்ணாவது விழுந்ததாக ஒரு புகார் உண்டா? நம்மிடம் ஆராய்ச்சி இல்லை என்கிறார்கள். சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், நிபுணர்கள் எதற்கு?"

கைதட்டல் அடங்கியதும் தையல்காரர் மேடையேறி அறிக்கையை வாங்கி அங்கேயே படித்தார். 'மண் தரமானது. ஈரத்தால் மாறாதது. எனவே அடித்தளத்தில் எந்தப் பணியும் தேவையில்லை. அனுமதிக்கவும் கூடாது' என்று இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார்.

"ஐயா, நாப்பது வாரமா அளந்துட்டு வர்றேன். தேதி போட்டு வச்சிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை எட்டு நூல். முழுசா ஒரு அங்குலம். அதுக்குக் கீழ எங்க அக்கா படுத்திருக்காங்க."

"எதால குறிச்சீங்க?" என்றார் இயக்குநர்.

"சாக்கட்டியாலங்க."

"சாக்கட்டி அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்ல. இதைக் கேட்டுக்குங்க. வீடு ஒண்ணு சொல்லி, அறிக்கை வேற சொன்னா, நிலையம் அறிக்கை பக்கம்தான் நிக்கும். நீங்க போயி வீட்டைச் சரி பண்ணுங்க."

"அதுக்குத்தாங்க ஐயா அனுமதி கேக்கறேன்."

"அனுமதிக்கத்தான் கூடாதுன்னு எழுதியிருக்கே, படிக்கலையா?"

தையல்காரர் இன்ச் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். முப்பது வருடத் தொழிலில் அளவு தப்பியதற்காக அவர் வாங்காத திட்டு இல்லை. அளவு சரியாக இருந்ததற்காகத் திட்டு வாங்கியது அன்றுதான். மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி ஈரத்தாளைப் பிரித்து இரண்டு தடவை படித்தாள். மடித்து விரிசலுக்குள் செருகிப் பார்த்தாள். தாள் நழுவிச் சந்தில் விழுந்தது.

"அறிக்கை நாலா மடிச்சும் நிக்க மாட்டேங்குது," என்றாள். "வெட்டுமேசையைத் தூக்குங்க. பிழைப்பு போனாப் போகட்டும். அண்ணி இனிமே ஒரு நாள் அங்க படுக்கக் கூடாது."

மேசையைத் தெருவில் போட்டுத் தார்ப்பாயால் மூடினார்கள். அக்காவைப் போர்வையோடு நான்கு முனையும் பிடித்துத் தூக்கிக் கடைக்குள் படுக்க வைத்தார்கள். "தொட்டியை இனிமே யாருடா பாத்துக்குவா?" என்று அவள் வழியெல்லாம் புலம்பினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், மழை சற்றே விட்ட நேரத்தில், பின்சுவர் விழுந்தது. அக்காவின் வெறும் கட்டில் நடுவில் ஒடிந்தது. சுவரின் மேல்பாதி சந்தைத் தாண்டி மதிலின்மேல் சாய்ந்தது. வெடிக்காது என்று அறிக்கை பெற்ற மதில் அதற்காகவே காத்திருந்ததுபோல் படுத்தது. மதில் தொட்டியைத் தள்ள, தொட்டி உடைந்து, அதற்குப் பின்னாலிருந்த கலையா மண் மண்டபத்தின் சுவர் வாயைப் பிளந்தது. அலமாரிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. நாற்பத்தொரு வருடமாக யாரும் தொடாத குழாய்கள் கடகடவென்று உருண்டு, சந்தை நிரப்பிவிட்டுத் தையல்காரரின் பின்னறைக்குள் வந்து நின்றன. யாருக்கும் அடி இல்லை. பிளவில் நிபுணர் காலுறையோடு நின்று, "யாரும் தொடாதீங்க! கலைஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தையல்காரர் முதலில் உடைந்த கட்டிலைப் பார்த்தார். தலையணை இருந்த இடத்தில் ஒரு ஆள் கனத்துக்குச் செங்கல் கிடந்தது. மூன்று நாள் முன்னால் என்றால் என்று நினைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். காலடியில் கிடந்த குழாயில் அவருடைய விலாசம் ஒட்டியிருந்தது.

எடுத்துப் பார்த்தார். கவனிப்பாரில்லாமல் மெழுகு எப்போதோ வெடித்திருந்தது. லேசாகச் சாய்த்ததும் உள்ளே இருந்த மண் தானாக நழுவி மடியில் விழுந்தது. காய்ந்து சுருங்கிப்போயிருந்த அதன்மேல் டேப்பைச் சுற்றினார். குழாயைவிட மூன்று நூல் ஒல்லியாகியிருந்தது. நாலைந்து மாதமாக அந்த மண் அலமாரியில் படுத்துக்கொண்டே தன் குணத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"விழுந்துடுச்சா? நல்லதாப் போச்சு. நிக்கிற சுவத்தைத் தொடறதுக்குத்தான் அறிக்கை வேணும். விழுந்த சுவத்தைக் கட்டறதுக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க பாட்டுக்குக் கட்டிக்குங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்களே தள்ளியிருப்போமே," என்றாள் மனைவி. அவர் அதைக் கேட்காதவர்போல் குடையை விரித்தார்.

மழைக்காலம் முடிந்ததும், மேஸ்திரி தன் விடுமுறை நாட்களில் வந்து பதினோரு அடிக்குத் தூண் இறக்கிக் கொடுத்தார். தொட்டி உடைந்துவிட்டதால் ஈரத்தை நிறுத்தும் வேலை மிச்சமாயிற்று. புதுச் சுவர் எழும்பியது. வெட்டுமேசை கடைக்குத் திரும்பியது, அக்கா பின்னறைக்குத் திரும்பினாள். பார்க்க ஒரு விரிசல்கூட இல்லை என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டதால், மேஸ்திரி அவளுக்கு ஒரு ஜன்னல் வைத்துக் கொடுத்தார்.

புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வாரத்தில், ஒரு கிலோமீட்டர் சுற்றி நடந்து இயக்குநரே கடை வாசலுக்கு வந்தார். பின்னால் நிபுணரும், பேரேட்டை அணைத்துப் பிடித்தபடி எழுத்தரும். மூன்று பேருக்கும் வியர்த்திருந்தது.

"மதிலையும் மண்டபத்தையும் திரும்பக் கட்டணும்," என்றார் இயக்குநர். "அடுத்த வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்து இல்லாம முடியாதுன்னு நகராட்சியில சொல்லிட்டாங்க. எங்க மண் மாதிரிக் குழாயெல்லாம் தார்ப்பாய்க்குக் கீழ கிடக்கு. நான் ஓய்வு பெறுறதுக்குள்ள முடிக்கணும். ஒரு நிமிஷ வேலைதான்."

தையல்காரர் இளகின மனசுக்காரர். காதில் செருகியிருந்த பேனாவை நோக்கி அவர் கை போய்விட்டது. பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முதல் தடவையா வர்றீங்க சார்?"

"ஆமாம்மா."

"அப்ப இதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. மேல் மண்ணு, கலைஞ்சிருக்கும். போயிட்டு வாங்க."

இயக்குநர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தருக்கு விதி தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மூவரும் திரும்பி நடந்தார்கள்.

"அம்பது தடவைதான் கணக்குன்னு சொல்லி அனுப்புடி!" என்று பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

தையல்காரர் நீலச் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். புதுச் சுவரில் அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு, முதல் தடவை கணக்கில் வராது என்பது நினைவுக்கு வந்து, அதைக் கையால் அழித்தார்.